ஒரு கைக்குப் பழகிய நாய்

1978 செப்டம்பர் 6, போடி

இன்றைக்கும் ஆள் அனுப்பியிருந்தார் அண்ணன். பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டம் ஒன்றிலிருந்து இரண்டு பேர். கையில் சாக்கு, கயிறு, ஒரு மூங்கில் கழி. என் நாய் கருவாயனைப் பிடித்துக்கொண்டு போக வந்திருக்கிறார்களாம். கடையில் உட்கார்ந்து எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது.

நான் குடோனுக்குள் பெண்களோடு ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு வெளியே வந்தால் ஒருத்தர் மதில்மேல் நிற்கிறார். இன்னொருத்தரைக் காணோம். சாக்கு கருவாயன் வாயில் இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது நாயி இல்லம்மா, எமன்" என்றார் மதில்மேல் இருந்தவர். அவனைப் பிடித்துக் கட்டிவிட்டு, அவரை இறக்கி, காப்பி கொடுத்து அனுப்பினேன்.

என்னைத் தவிர யாரும் அவனைத் தொட முடியாது. அதனால்தான் இன்னும் இங்கே இருக்கிறான்.

சாயங்காலம் அண்ணன் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னது: "பொங்கலுக்குள்ள இந்த நாயி போயிரணும் கிருபா. ஒருத்தனும் புடிச்சிட்டுப் போகலன்னா கம்பவுண்டர் பாய வரச்சொல்லி ஊசியப் போட்டு முடிச்சிருவேன்." போன மாதம் கம்பத்து வியாபாரி ஒருத்தரின் கெண்டைக்காலைக் கவ்விவிட்டதிலிருந்து இதே பாட்டுத்தான். அவர் அதற்கப்புறம் எங்கள் கடைப்பக்கமே வருவதில்லை. வராமல் போனது கருவாயன் குற்றமா? காவலுக்கு வைத்தோம், காவல் பார்த்தான்.

செப்டம்பர் 7

சாக்கை இன்னும் விடவில்லை. அதை விரித்து அதன்மேல்தான் படுத்திருக்கிறான், ஏதோ ஜமீன் வாரிசு மாதிரி.

செப்டம்பர் 10, ஞாயிறு

ஆலயத்தில் அண்ணன்தான் வேதபாடம் வாசித்தார். சாந்தகுணமுள்ளவர்கள் பாக்கியவான்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன், சிரித்தால் மதினி பார்ப்பாள்.

வீட்டுக்கு வந்ததும் மதினி ஆரம்பித்தாள். "நாயி மேல வச்ச பாசத்துல பாதிய ஒரு மனுசன் மேல வச்சிருந்தீன்னா இந்நேரம்..." ஞானசெல்வி மதினி எந்த வாக்கியத்தையும் முடிக்கமாட்டாள். முடித்தால் நான் பதில் சொல்வேன் என்று தெரியும்.

என்னைப் பார்க்க வந்தவர்கள் மூன்று வீட்டார். முதல் வீட்டார் நிறம் பற்றாது என்றார்கள். இரண்டாம் வீட்டார் வாய் ஜாஸ்தி என்றார்கள். மூன்றாம் வீட்டார் கேசரி நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னார்கள். இப்போது முப்பத்தாறு. அப்பா போனபின் இந்த வீடு அண்ணனுடையது, கடை அண்ணனுடையது, குடோனுக்குப் பின்னாலுள்ள அறையில் நான். என்னுடையது என்று சொல்ல ஒரு டிரங்குப் பெட்டியும் கருவாயனும். பெட்டிக்குச் சாவி தொலைந்துபோய் வருஷமாகிறது.

செப்டம்பர் 19

கம்பவுண்டர் பாய் வந்தார். அமானுல்லா, உத்தமபாளையத்துக்காரர், மாட்டாஸ்பத்திரியில் இருக்கிறார். பக்கத்து வீட்டுக் கறவைக்கு மருந்து கொடுக்க வந்தவர் எங்கள் கேட்டுக்கு வெளியே நின்று கருவாயனையே பார்த்துக்கொண்டிருந்தார். செம்பட்டை உடம்பு, கறுத்த வாய், வளைந்த வால், அசல் கோம்பை நாய். அவன் கேட்டைப் பிய்த்துவிடுகிற மாதிரி குரைக்கிறான், பாய்க்கு அது பாட்டுக் கச்சேரி.

"இதுக்கா ஊசி போடச் சொல்றாக உங்கண்ணன்? எனக்குக் கை வராது தங்கச்சி. வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு" என்றார். அப்புறம்தான் அந்தப் பேச்சை எடுத்தார். மதுரையில் வருஷா வருஷம் ஜனவரியில் நாய்க் கண்காட்சி நடக்கிறதாம். அவருடைய டாக்டரோடு ஒத்தாசைக்குப் போயிருக்கிறார். அல்சேஷனும் பொமரேனியனும் பவுடர் போட்டுக்கொண்டு வரும். போன தடவையிலிருந்து நாட்டு நாய்க்கென்று தனியாக ஒரு பிரிவு வைத்திருக்கிறார்களாம். முதலாவது வந்தால் வெள்ளிக் கப்பு.

"ராஜபாளையம் வருது, சிப்பிப்பாறை வருது. கோம்பை ஒண்ணுகூட வரல. எப்படி வரும்? ஜட்ஜு வாயத் தொறந்து பல்லப் பாப்பாரு, முதுகத் தடவுவாரு, வாலுக்குக் கீழயும் பாப்பாரு. கோம்பை நாயி விடுமா? ஜட்ஜு பல்லத்தேன் எண்ணணும்."

பாய் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்கு அண்ணனின் கண்ணாடி அலமாரி ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் வாலிபால் ஆடி வாங்கின கப்பு, வர்த்தக சங்கம் கொடுத்த கேடயம் எல்லாம் அதில் இருக்கிறது. சனிக்கிழமை தோறும் அவரே எடுத்துத் துடைப்பார், மதினியைத் தொடவிடமாட்டார். கப்பு வாங்கிய நாயை அண்ணன் கொல்லமாட்டார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்.

செப்டம்பர் 20

நடக்காத காரியம். எதற்கு எனக்கு இந்த ஆசை?

செப்டம்பர் 24, ஞாயிறு

ஆராதனை முடிந்து நேரே தேவாரம் பஸ் பிடித்துக் கோம்பைக்குப் போனேன். கருவாயனைக் குட்டியாக எனக்குக் கொடுத்த அக்கம்மாளைப் பார்க்க. மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூப்பு. பேச்சு மட்டும் பஞ்சாயத்துத் தலைவர் பேச்சு.

மூன்று வருஷத்துக்கு முன் அவள் குட்டியை என் கையில் வைத்துவிட்டு, என் எதிரிலேயே தண்ணீர் மொண்டு தன் கையைக் கழுவிக்கொண்டாள். அதுதான் அவர்கள் வழக்கம். கொடுத்தபின் கொடுத்தவள் அந்தக் குட்டியைத் தொடக்கூடாது. வாங்கியவள் தவிர வீட்டில் வேறு யாரும் சோறு வைக்கக்கூடாது, தடவக்கூடாது, பெயர் சொல்லி விளையாடக்கூடாது. ஒரு கை நாய் என்பார்கள். அப்போது எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. எனக்கென்று ஒன்று.

அடுத்தவர் கை பட்டால் பேசாமல் நிற்கப் பழக்க முடியுமா என்று கேட்டேன். ஆட்டுவதை நிறுத்தாமல், "என்னத்துக்கு அடுத்தவன் தொடணும்?" என்றாள். கண்காட்சி, பரிசு எல்லாம் சொன்னேன். "பரிசு நாயிக்கா, ஒனக்கா?"

"ஊசி போட்டுக் கொல்லப்போறாக அக்கா" என்றேன்.

அவள் ஆட்டுவதை நிறுத்தினாள். "பழக்கலாந்தேன். நாயி எதையும் பழகும். ஆனா கைய மாத்துனா மாத்துனதுதேன். பெறகு ஒங்கைய்யி ஊராங்கைய்யின்னு அதுக்குக் கெடையாது, பாத்துக்க" என்று சொல்லி ஒரு சொம்பு மோர் கொடுத்தாள்.

பஸ்ஸில் வரும்போது முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். செத்த நாய்க்கு எந்தக் கையாக இருந்தால் என்ன?

அக்டோபர் 3

ஆரம்பித்தாயிற்று. பாய் சொன்ன முறை. ஆட்டு ஈரலை வேகவைத்து, சிறு துண்டாக நறுக்கி, வெயிலில் காயவைத்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். "நில்லு" என்று சொல்லி ஜட்ஜு தொடுகிற இடமெல்லாம் நானே தொட வேண்டும். நாலு காலும் ஊன்றி, தலையைத் தூக்கி, நேரே பார்த்து நிற்கணும். தொடுகிற கையைத் திரும்பிப் பார்த்தால் ஈரல் இல்லை. பார்க்காமல் நின்றால் ஒரு துண்டு.

ஈரல் வைக்கக் கிழவிகள் மாதிரி ஒரு சுருக்குப் பை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். ஏலக்காய் பொறுக்கும் முத்துப்பேச்சி பார்த்துவிட்டு, "வெத்தல எங்க ஆத்தா?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தாள்.

அக்டோபர் 11

என் கைக்கு அழகாக நிற்கிறான். இனி அடுத்தவர் கை. முத்துப்பேச்சிதான் துணிந்தாள். "கடிச்சிச்சின்னா எம்புருசன் ஒங்கண்ணன் கடையில வந்து உக்காந்துக்குவான், ஆமா" என்று சொல்லிக்கொண்டே என் கைமேல் தன் கையை வைத்தாள். இரண்டு கையும் சேர்ந்தே அவன் முதுகில் போனது. கருவாயனுக்கு ரோமம் குத்திட்டு நின்றது. தொண்டைக்குள் உறுமிக்கொண்டே நின்றான். நின்றானே!

அக்டோபர் 15

பாயைக் கடித்துவிட்டான். வாயைத் திறக்கப் போனபோது கட்டைவிரலில். ரத்தம் குடோன் தரையெல்லாம். "ஊருக்கெல்லாம் ஊசி போடுறவன் நானு, எனக்கே ஊசியா?" என்று பாய் சிரிக்கத்தான் செய்தார். ஆனாலும் முகம் வெளுத்துவிட்டது.

நான் கருவாயனை அடித்தேன். கையால், முகத்தில். முதல் தடவை. அவன் போய்ச் சாக்கின்மேல் படுத்துக்கொண்டான். ஈரல் கொண்டுபோய் வைத்தேன், தொடவில்லை. என்ன மனுஷி நான்? கடிக்கத்தானே வளர்த்தேன்? கடித்ததற்கு அடிக்கிறேனே.

அக்டோபர் 16

சாப்பிட்டான்.

நவம்பர் 4

மழை விடவில்லை. குடோனில் ஈர வாடை.

இன்றைக்கு முத்துப்பேச்சியின் கைக்கு அடியிலிருந்து என் கையை மெதுவாக உருவிக்கொண்டேன். அவள் கை மட்டும் அவன்மேல். தோல் நடுங்கியது, ஈ உட்கார்ந்த மாடு மாதிரி. முகத்தைத் திருப்பவில்லை. அவள் தாடையைத் தூக்கினாள், உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்தாள், கீழேயும் பார்த்து, "ஆம்பளதேன்" என்றாள். பெண்கள் சிரித்த சிரிப்பில் மழைச் சத்தம் கேட்கவில்லை.

அவன் அவளைப் பார்க்கவே இல்லை. என் சுருக்குப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நவம்பர் 29

பொறுக்குகிற பெண்கள் அத்தனை பேரும் வரிசையாக வந்து தொட்டார்கள். பாயும் தொட்டார், கட்டுப் பிரித்த விரலோடு. அண்ணன் எப்போது வந்து நின்றார் என்று தெரியாது. "என்ன, சர்க்கஸ் கம்பெனியா?" என்றார். அதட்டல் மாதிரிதான் தொடங்கினார். ஆனால் போகவில்லை, நின்று பார்த்தார்.

கண்காட்சியைப் பற்றிப் பாய் பக்குவமாக எடுத்துச் சொன்னார். அண்ணன் கேட்ட முதல் கேள்வி: "கப்பு நெச வெள்ளியா?" இரண்டாவது கேள்வி: "பெரிய ஆளுக வருவாகளா?" மதுரை வர்த்தக சபைத் தலைவர் பரிசு கொடுக்கிறார் என்றதும் முகம் மாறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே என்று மதினி இழுத்தாள். "ஒரு ஞாயித்துக்கெழமைக்கு ஆண்டவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு" என்றார் அண்ணன். ஆண்டவர் சார்பாகப் பேசுவது அவருக்குப் பழக்கம்தான்.

டிசம்பர் 12

தபால்காரர் இன்றைக்கு வாசற்படி வரைக்கும் வந்து தபாலைக் கையில் கொடுத்தார். மூன்று வருஷமாகக் கேட்டுக்கு வெளியிலிருந்து வீசுகிறவர். "சத்தத்தையே காணோம், நாயி செத்துப்போச்சோன்னு நெனச்சேன்" என்றார். சிரித்தேன். அவர் போனபின் திரும்பிப் பார்த்தால் கருவாயன் நாலு காலும் ஊன்றி, தலையைத் தூக்கி, நின்றுகொண்டிருக்கிறான். நான் சொல்லவே இல்லை.

1979 ஜனவரி 22

நேற்றைய கதையை எழுத வேண்டும்.

முந்தின நாளே ரயிலில் போனோம். நாய்க்குக் கார்டு வண்டியில் ஒரு பெட்டி உண்டு, கம்பி போட்ட இருட்டுப் பொந்து. தேனி வரைக்கும் ஊளையிட்டான். ஆண்டிபட்டி தாண்டியபின் சத்தமில்லை. அண்ணன் புதுச் சட்டையோடு வேறு பெட்டியில் வந்தார்.

மைதானம் முழுக்கப் பந்தல். கறுப்புக் கண்ணாடி போட்ட பெண்கள் தூக்கிவைத்துக்கொண்டிருந்த நாய்க்குட்டிகளுக்கு என் சேலையைவிட நல்ல துணி. ரப்பர் செருப்போடு சுருக்குப் பையைச் செருகிக்கொண்டு நான் போய் நின்றதும், "பராமரிக்கிற அம்மாவா?" என்று ஒருத்தர் அண்ணனிடம் கேட்டார். அண்ணன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

நாட்டு நாய்ப் பிரிவில் வெள்ளை வெளேரென்று ராஜபாளையங்கள் வந்திருந்தன, ஒட்டிய வயிற்றோடு சிப்பிப்பாறைகள் வந்திருந்தன. கோம்பை இவன் ஒருத்தன்தான். கயிறு கட்டிய வட்டத்துக்குள் கூட்டிக்கொண்டு சுற்றி வந்தேன். ஜட்ஜு பட்டாளத்து டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவராம், கோயமுத்தூர். இவனிடம் வரும்போது மட்டும் இரண்டடி தள்ளி நின்று, "கோம்பையா? கடிக்குமா?" என்று கேட்டார்.

"தொடுங்க சார்" என்றேன்.

தொட்டார். பல்லைப் பார்த்தார், முதுகை அழுத்தினார், பின்னால் போனார். கருவாயன் நேரே பார்த்துக்கொண்டு நின்றான். அவர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார், பாய் அப்புறம் சொன்னது: "நெறயா கோம்பை பாத்திருக்கேன், கை வச்சது இதத்தேன்னு சொல்றாக தங்கச்சி!"

முதல் பரிசு. பாய் அழுதுவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை, காது மட்டும் அடைத்துக்கொண்டது. கப்பை வாங்க அண்ணனைத்தான் கூப்பிட்டார்கள், உரிமையாளர் பெயர் அவர் பெயர். போட்டோவில் அண்ணன், கப்பு, நாய். கயிற்றைப் பிடித்திருந்த என் கை மட்டும் விழுந்திருக்கும்.

அல்சேஷனுக்குப் பரிசு வாங்கிய வைகுண்டராஜ் என்கிற தோட்டக்காரர் வந்து அண்ணனுக்குக் கை கொடுத்தார். வண்டன்மேட்டில் பெரிய ஏலத்தோட்டமாம். பேசிக்கொண்டே கருவாயன் தலையில் கை வைத்தார். நின்றான். "நல்ல பழக்கம். யாரு பழக்குனது?" என்றார். "நம்ம வீட்டுலதேன்" என்றார் அண்ணன்.

ஜனவரி 28, ஞாயிறு

கப்பு அலமாரியில் நடுத்தட்டில் இருக்கிறது. வாலிபால் கப்பு கீழ்த்தட்டுக்கு இறங்கிவிட்டது. ஆராதனை முடிந்து போதகர் ஐயரையே வீட்டுக்கு அழைத்து வந்து காட்டினார். கருவாயன் ஐயருக்கும் நின்றான்.

பொங்கல் போய்விட்டது, அவன் இருக்கிறான். ஊசி இல்லை. நானும் ஒரு காரியத்தைச் சாதித்தேன். மதினி இன்றைக்கு எலும்புக் குழம்பில் அவனுக்கும் கொஞ்சம் எடுத்து வைத்தாள். என் கையில் கொடுக்காமல் அவளே போய் வைத்தாள். அவன் தின்றான்.

பிப்ரவரி 11, ஞாயிறு

வைகுண்டராஜ் நேற்று கடைக்கு வந்திருக்கிறார். இனி அவர் தோட்டத்துக் காய் முழுக்க நம் கடை வழியாகத்தான் போகுமாம். சாப்பிடும்போது அண்ணன் சொன்னார். மதினி அவருக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தாள். அப்புறம் சொன்னார்: "அந்த நாயக் கேக்குறாக."

எனக்கு முதலில் விளங்கவே இல்லை.

"விலைக்குன்னு இல்ல. மரியாதைக்குக் கேக்குறாக. அவுகட்ட ஆளு இருக்கு, ஜீப்பு இருக்கு, மெட்ராசு பெங்களூருன்னு கொண்டுபோயிக் காட்டுவாக. இங்கன கெடந்து என்ன செய்யப்போகுது?"

"கப்பு வாங்குன நாயிண்ணே அது. நம்ம வீட்டுக்கு..."

"கப்பு வாங்குனதுனாலதேன கேக்குறாக. கப்பு நம்மகிட்டதேன இருக்கும்?"

சோத்தை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். எனக்கு வாய் ஜாஸ்தி என்று சொன்ன இரண்டாம் வீட்டார் இன்றைக்கு வந்து பார்த்திருக்கணும்.

பிப்ரவரி 12

போகமாட்டான். அந்நியன் வந்து கயிற்றைப் பிடித்தால் விடுவானா? பூப்பாறைக்காரர்களை மதில்மேல் ஏற்றினவன். ஜீப்பில் ஏற்றுவதற்குள் இரண்டு பேரையாவது கிழித்துவிடுவான். அப்புறம் வைகுண்டராஜே வேண்டாம் என்று சொல்லிவிடுவார். ஆண்டவரே, அவன் கடிக்கட்டும்.

இப்படி ஒரு ஜெபத்தை யாராவது செய்திருப்பார்களா?

பிப்ரவரி 14

முத்துப்பேச்சியைக் கூப்பிட்டு, "அவன ஒரு அடி அடி" என்றேன். "என்ன கிறுக்குப் புடிச்சிருச்சா ஆத்தா?" என்றாள். விஷயத்தைச் சொன்னதும் விளக்குமாற்றை எடுத்துவந்தாள். விலாவில் தட்டினாள். நின்றான். கொஞ்சம் பலமாக. நின்றான். காதைப் பிடித்து முறுக்கினாள், வாலை இழுத்தாள். உறுமடா, ஒரு தடவை உறுமித்தொலைடா என்று நான் கத்துகிறேன். என் சத்தம் கேட்டு இன்னும் நன்றாகக் காலை ஊன்றிக்கொண்டான். தலையைத் தூக்கிக்கொண்டான்.

விளக்குமாற்றைப் போட்டுவிட்டு முத்துப்பேச்சி உட்கார்ந்துவிட்டாள். "என்னால ஆகாது ஆத்தா" என்று அவள் அழுதாள். அவன் என் சுருக்குப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடியெல்லாம் வாங்கிக்கொண்டு திரும்பாமல் நின்றதற்கு ஈரல் வருமென்று காத்துக்கொண்டிருந்தான்.

கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

பிப்ரவரி 16

ஒரே ஒரு ஆள் வந்தான். டிரைவர். சாக்கு இல்லை, கழி இல்லை, வாயில் ஏதோ மலையாளப் பாட்டு. நேரே வந்து தாடைக்கடியில் கை கொடுத்துத் தலையை நிமிர்த்திப் பார்த்தான். "கொள்ளாமே" என்று மெச்சினான். கழுத்துப்பட்டையில் கயிற்றை மாட்டினான்.

நான் குடோன் வாசலில் நின்றிருந்தேன். ஈரல் இல்லையென்றால் உறுமுவான் என்று சுருக்குப் பையை வேண்டுமென்றே உள்ளே கழற்றிவைத்துவிட்டு வந்திருந்தேன். கருவாயன் என் இடுப்பைப் பார்த்தான். பை இல்லை. டிரைவர் சட்டைப் பையிலிருந்து பிஸ்கட் எடுத்தான். கருவாயன் ஜீப்பில் தாவி ஏறிக்கொண்டான்.

இவ்வளவுதான். காலை வேளை, கடைத்தெருவில் எல்லாம் திறந்திருந்தது.

பிப்ரவரி 17

சாக்கு கிடக்கிறது.

மே 20

குடோனுக்கு அண்ணன் இரண்டாவது பூட்டு வாங்கிப் போட்டிருக்கிறார். கடைக்கு வருகிறவர்களிடம், "பிரின்சு பெங்களூர்ல ஜெயிச்சிருச்சாமே" என்கிறார். அவனுக்கு இப்போது அதுதான் பெயர். நான் யாரோடும் சண்டை போடுவதில்லை. மதினிக்கே பயமாக இருக்கிறதுபோல, வாக்கியங்களை முடிக்கிறாள்.

செப்டம்பர் 2, ஞாயிறு

அக்கம்மாள் ஆள் அனுப்பியிருந்தாள். நாய் குட்டிகள் போட்டிருக்கிறதாம், ஒன்று எனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறாளாம். வேண்டாம் என்று சொல்லியனுப்பினேன். வளர்க்கத் தெரியாமல் இல்லை. வளர்த்து என்ன செய்வேன்?

1980 ஜனவரி 21

நேற்று மதுரைக்குப் போனேன். அண்ணனிடம் பல்வலி என்று சொல்லிவிட்டு, பாயோடு. அதே மைதானம், அதே பந்தல். சனிக்கிழமையே ஈரல் வாங்கி, வேகவைத்து, காயவைத்து எடுத்துக்கொண்டேன். எதற்கு என்று பாயும் கேட்கவில்லை.

வெளியூர் நாய்களுக்குத் தடுப்பு வைத்து மரப்பலகை போட்டிருந்தார்கள். கழுத்தில் நம்பர் அட்டை. கருவாயன் சுருண்டு படுத்திருந்தான். உடம்பில் எண்ணெய்ப் பளபளப்பு, நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் வெள்ளைக் கால்சட்டை போட்ட ஒருவன், அவனுக்கென்று வைத்த ஆளாம். போகிறவர் வருகிறவரெல்லாம் கை நீட்டித் தொட்டுவிட்டுப் போனார்கள். வரிசையில் நானும் போனேன்.

பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் போனதும் முதலில் கையை மட்டும் நீட்டினேன். விரல் முதுகில் பட்டதும் எழுந்தான். நாலு காலும் ஊன்றி, தலையைத் தூக்கி, நேரே பார்த்து நின்றான்.

"கருவாயா" என்றேன். ஒரு காது அசைந்தது. முகத்தைத் திருப்பவில்லை. தொடுகிற கையைத் திரும்பிப் பார்க்கக்கூடாது, நான்தானே சொல்லிக்கொடுத்தேன். தாடையைத் தூக்கினேன், தூக்கவிட்டான். உதட்டை விலக்கினேன், விலக்கவிட்டான். நான் கையை எடுத்துக்கொண்டதும் அந்த ஆளின் கால்சட்டைப் பையைப் பார்த்தான். அவன் ஒரு பிஸ்கட் எடுத்துக் கொடுத்தான்.

"யாரு தொட்டாலும் இப்படித்தாம்மா நிப்பான். கோம்பையில இப்படி ஒண்ணு கிடையாது. எவனோ நல்லாப் பழக்கியிருக்கான்" என்றான்.

"ஆமா. நல்லாத்தான் பழக்கியிருக்காக" என்றேன்.

வட்டத்துக்குள் நடந்ததைப் பார்க்க நான் நிற்கவில்லை. ரயிலில் ஏறியபின் பாய்தான் மெதுவாகக் கேட்டார். "பாத்தியா தங்கச்சி? அடையாளம் தெரிஞ்சிச்சா அதுக்கு?"

"தெரியல பாய்."

ஆண்டிபட்டியில் வண்டி கொஞ்சம் நின்றது. தண்ணீர்க் குழாயடியில் ஒரு நாய், சொறி பிடித்த உடம்பு, குட்டி போட்டு மடி தொங்கிப்போனது. இறங்கி ஈரலை எடுத்துக்கொண்டு போனேன். நெருங்கியதும் பல்லைக் காட்டி உறுமியது, இன்னும் ஓரடி வைத்தால் பிடுங்கிவிடும். நல்லது என்று அதனிடம் சொன்னேன். எட்டத்திலேயே தரையில் வைத்துவிட்டு, தொடாமல் திரும்பி வந்துவிட்டேன்.